அணங்கு, விலங்கு, கள்வர், இறை: ஆண்டுதோறும் ஒரு திகில் சிறுகதைத் தொகுப்பு கொண்டுவருவது எப்படி

திகில் கதைத் தொகுப்பு ஒன்றைப் போட்டுவிடுவது பெரிய காரியமில்லை. தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் கதை வாங்கி, கறுப்பு அட்டை போட்டு அச்சகத்துக்கு அனுப்பினால் புத்தகம் வந்துவிடும். அதையே அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், அதே மாதத்தில், தரம் இறங்காமல் கொண்டுவருவதுதான் கடினம். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது. கணக்குகள் 12 கதை, 160 பக்கம், 500 பிரதி என்ற அளவில் போடப்பட்டிருக்கின்றன. தமிழில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாங்கக்கூடிய அளவு அதுதான்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு நீண்ட மரபு உண்டு. ஹெர்பர்ட் வான் தால் 1959இல் பிரிட்டனின் பான் பதிப்பகத்துக்காகத் தொடங்கிய திகில் தொகுப்பு வரிசை 1989 வரை 30 தொகுதிகள் வந்தது. முதல் 25 அவர் தொகுத்தவை. அமெரிக்காவில் கார்ல் எட்வர்ட் வாக்னர் 1980 முதல் ஓர் ஆண்டுத் தொகுப்பைக் கவனித்துவந்தார். 1994இல் அவர் இறந்ததும் அந்த வரிசையும் நின்றுபோனது. எலன் டாட்லோ 2009 முதல் அந்தந்த ஆண்டின் சிறந்த திகில் கதைகளைத் தொகுத்துவருகிறார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஆண்டுத் தொகுப்பை வாசகர் நம்பி வாங்குவது தொகுப்பாளரின் ரசனைக்காக. அந்த ரசனை ஒரே ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவரோடு தொகுப்பும் போய்விடும். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே இரண்டு தொகுப்பாளர்கள் இருக்கட்டும். ஒருவர் முதன்மை, இன்னொருவர் இணை. மூன்றாம் ஆண்டில் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியவை

ஆண்டுத் தொகுப்பு இரண்டு விதம். கடந்த ஓராண்டில் இதழ்களிலும் இணையத்திலும் வெளிவந்த கதைகளில் நல்லவற்றைப் பொறுக்குவது ஒன்று. புதுக் கதைகளை வரவழைப்பது மற்றொன்று. முதல் விதத்துக்கு ஆண்டு முழுக்க வாசித்துக் குறிப்பெடுக்கும் ஆள் வேண்டும். அனுமதிக் கடிதங்கள் வேண்டும். தமிழில் தனியாகத் திகில் இதழ்கள் பெருகாத நிலையில், ஒரே ஆண்டில் 12 நல்ல கதை சிக்குவது நிச்சயமில்லை. எங்கள் பரிந்துரை கலவை: 9 புதுக் கதை, கடந்த ஆண்டில் வெளியானவற்றிலிருந்து 1, பழைய தமிழ்க் கதை 1, மொழிபெயர்ப்பு 1. பழைய கதையும் மொழிபெயர்ப்பும் புதிய எழுத்தாளருக்கு அளவுகோலாக நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் தாங்காத கதையை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

அடுத்து, எந்தப் பயம் என்று தீர்மானிக்க வேண்டும். இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக எண்ணிவைத்திருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இன்றைய கதைக்குப் பொருத்திப் பாருங்கள். பேய், முனி, மோகினி, ஏவல், பெயரில்லாத ஏதோ ஒன்று எல்லாம் அணங்கு. பாம்பு, நாய்க் கூட்டம், காடு, கடல் எல்லாம் விலங்கின் பக்கம். பின்தொடர்ந்து வருகிறவன், மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் அமைதியான மனிதன், நம்பிக் கதவைத் திறந்துவிட்ட உறவினர் ஆகியோர் கள்வர். நம்மை அழிக்கும் அதிகாரம் உள்ள எவரும் இறை: அரசு, காவல் நிலையம், முதலாளி, சில வீடுகளில் அப்பா.

இந்த நான்கையும் ஒரு தாளில் நான்கு கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வருகிற கதைகளில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே குவியும். அதை அப்படியே விட்டால் தொகுப்பு முழுக்கக் கொலுசுச் சத்தமாகிவிடும். 12 கதையில் அணங்கு 5க்கு மேல் போகாமலும் மற்ற மூன்றிலும் குறைந்தது இரண்டிரண்டு இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் அடங்காத கதை ஒன்று வந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அநேகமாக அதுதான் ஆண்டின் சிறந்த கதையாக இருக்கும்.

அதே இயலில் இளிவரல், அதாவது அருவருப்பு, வேறு மெய்ப்பாடு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் வருவது என்று அதற்குத் தனிக் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சீழும் குடலும் எழுதுகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முகம் சுளிக்க வைப்பதைப் பயமுறுத்துவது என்று எண்ணிவிடுகிறார்கள். உடல் சிதையும் கதை வேண்டாம் என்பதில்லை. அந்த உடல் யாருடையது, அதை இழப்பதில் அவருக்கு என்ன போகிறது என்பது கதையில் இருந்தால்தான் இளிவரல் அச்சத்தில் போய் முடியும்.

நாள்காட்டி

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை இலக்காக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். புத்தகம் டிசம்பர் 20க்குள் கையில் இருக்க வேண்டும். நவம்பர் பாதிக்குமேல் அச்சகங்களில் நாட்காட்டி, டைரி, புத்தகக் காட்சி வேலை எல்லாம் ஒன்றாக முட்டும். ஆகவே கோப்பு நவம்பர் 15க்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் அக்டோபர் 10 முதல் நவம்பர் 12 வரை. இடையில் தீபாவளி ஒரு வாரத்தைத் தின்னும். அதையும் கணக்கில் சேருங்கள். செப்பம் செய்ய, அதாவது எழுத்தாளரோடு சேர்ந்து கதையைத் திருத்த, ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 10 வரை. தேர்வு முடிவு ஆகஸ்ட் 10. கதைகளைப் பெறுவது ஜூன் 1 முதல் ஜூலை 15 வரை. அறிவிப்பு ஏப்ரலில்.

பெரும்பாலும் சறுக்குவது செப்பத்தில்தான். எட்டு வாரம் எதற்கு என்று தோன்றும். ஒரு கதை எழுத்தாளரிடம் இரண்டு முறை போய் வர வேண்டும். ஒருமுறை போய் வரப் பத்து நாள். 12 கதைக்கும் அது ஒரே வேகத்தில் நடக்காது. இந்த எட்டு வாரத்தை நான்காகச் சுருக்கிய தொகுப்பை வாசித்தாலே கண்டுபிடித்துவிடலாம்: முதல் நான்கு கதை செதுக்கியிருக்கும், மீதி வந்தபடியே இருக்கும்.

அறிவிப்பு

அறிவிப்பில் இருக்க வேண்டியவை: சொல் வரம்பு, கடைசித் தேதி, முடிவு சொல்லும் தேதி, சன்மானம், எந்த உரிமை கேட்கிறீர்கள் என்பது, கோப்பு வடிவம். வரம்பு 1,800 முதல் 3,500 சொல் வரை இருக்கட்டும். அதற்குக் கீழே சூழல் நிற்காது. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் விளக்கம்தான் நீளும்.

கோப்பு யூனிகோடில், வேர்டு வடிவத்தில் வரட்டும். எழுத்தாளர் பெயர் கதைக் கோப்பில் இருக்கக் கூடாது. மின்னஞ்சலில் மட்டும் இருக்கலாம். வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் இணைத் தொகுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

"பேய்க்கதை அனுப்புங்கள்" என்று மட்டும் போட்டால் பாழடைந்த பங்களாவும் நள்ளிரவு நெடுஞ்சாலையும்தான் வரும். நான்கு கட்டத்தையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். என்ன வேண்டாம் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள்: கனவு என்று முடியும் கதை, "நீங்க பார்த்தவரு செத்துப் பத்து வருஷம் ஆச்சே" என்று டீக்கடைக்காரர் சொல்லி முடிக்கும் கதை, வல்லுறவுக்கு ஆளான பெண் பேயாகிப் பழிவாங்குவதைத் தவிர அவளைப் பற்றி வேறு எதுவும் இல்லாத கதை. மயான வேலை செய்கிறவரை அவர் தொழிலுக்காகவே அச்சத்துக்குரியவராகக் காட்டும் கதையையும் எடுக்காதீர்கள். அது பயத்தை உண்டாக்குவதில்லை. எழுதியவரின் சாதிப் பார்வையைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

வாசிப்பும் தேர்வும்

ஒரு நாளைக்கு ஆறு கதைக்குமேல் வாசிக்காதீர்கள். நகைச்சுவையைப் போலவே திகிலும் அடுத்தடுத்து வந்தால் மழுங்கும். ஏழாவது கதை நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு உறைக்காது. வாசிக்கும்போது ஒன்றை மட்டும் குறியுங்கள்: எந்த வரியில் நம்பிக்கை விட்டுப்போனது. அந்த வரிக்குப் பென்சிலில் ஒரு கோடு போதும். கோடே விழாத கதைகள் அடுத்த சுற்றுக்கு. கோடு முதல் பக்கத்திலேயே விழுந்தால் திருப்பிவிடலாம். கடைசி அரைப் பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தால் அது செப்பத்தில் மீட்கக்கூடிய கதை.

ஒரு வாரம் கழித்து, கதையைத் திறக்காமல், அதிலிருந்து எது நினைவில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "பேய் வந்து கொன்றது" என்றுதான் எழுத வருகிறது என்றால் கதையில் காட்சி இல்லை. "மூடியிருந்த தொட்டிலில் துணி அசைந்தது" என்று வந்தால் இருக்கிறது.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பதை விட்டுவிடுங்கள். ஒருவருக்கு 9, மற்றவருக்கு 3 என்று வரும் கதையின் சராசரி 6. இருவருக்கும் 6.5 என்று வரும் மிதமான கதை அதைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிடும். திகில் தொகுப்புக்கு அந்த 9தான் வேண்டும். வேண்டும், வேண்டாம், பேசலாம் என்ற மூன்று குறி போதும். ஒருவர் "வேண்டும்" என்று உறுதியாக நின்றால், மற்றவர் ஏன் வேண்டாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகுப்பாளருக்கும் ஆண்டுக்கு ஒரு கதையை எதிர்ப்பையும் மீறிச் சேர்க்கும் உரிமை இருக்கட்டும்.

திருட்டையும் கவனியுங்கள். வெளிநாட்டுக் கதையின் பெயர்களை மாற்றி அனுப்புவது, வாட்ஸ்அப்பில் சுற்றும் "உண்மைச் சம்பவ"த்தைக் கதையாக்குவது இரண்டும் வரும். இறுதிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கதையின் மையத் திருப்பத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரியாக்கித் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

திருப்பி அனுப்பும் கடிதம் சொன்ன தேதியில் போக வேண்டும். தேர்வுக்கு அருகில் வந்த கதைகளுக்கு மட்டும், கோடு விழுந்த இடத்தைச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டின் நல்ல கதைகளில் சில இந்தக் கடிதம் பெற்றவர்களிடமிருந்துதான் வரும்.

உரிமை

இது சலிப்பான பகுதி, ஆனால் தவிர்க்க முடியாதது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கால வரம்பு குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். புத்தகத்தை மின்னூலாக வெளிநாட்டிலும் விற்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முக்கியம்.

முழு உரிமையையும் கேட்காதீர்கள். அச்சிலும் மின்னூலிலும் தமிழில் வெளியிட 3 ஆண்டு உரிமம். முதல் 12 மாதம் வேறெங்கும் வெளியிடக் கூடாது. அதன்பின் எழுத்தாளர் தன் சொந்தத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். ஒலிநூலும் திரைப்பட உரிமையும் எழுத்தாளரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள். திகில் கதைகளைச் சினிமாக்காரர்கள் தேடுவதால் அந்த வரி பின்னால் பல சண்டைகளைத் தடுக்கும்.

பழைய கதைக்கு விதி எளிது: எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். அவர் கதைகளை இன்று யாரும் பதிப்பிக்கலாம். ஆங்கிலப் பேய்க்கதையின் பெரிய பெயரான எம். ஆர். ஜேம்ஸ் 1936இல் இறந்தவர், அவரையும் மொழிபெயர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே வந்த மொழிபெயர்ப்பை எடுத்துப் போட முடியாது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் காப்புரிமை உண்டு. பழைய கதைக்குப் பாடம் எடுக்கும்போது முதல் பதிப்பையோ நம்பகமான செம்பதிப்பையோ பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் படிகளில் வரிகள் விட்டுப்போயிருப்பதுண்டு. திகில் கதையில் ஒரு வரி போனாலும் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

செப்பம் செய்தல்

தொகுப்பின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. முதலில் இயந்திர வேலை ஒன்று. கோப்பில் இந்தச் சொற்களைத் தேடுங்கள்: திடீரென, பயங்கர, அமானுஷ்ய, கும்மிருட்டு, உறைந்து, வெலவெலத்து, அலறி. ஒரு கதையில் இவை மொத்தமாக மூன்றுக்குமேல் இருந்தால், பயத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் அதன் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார் என்று பொருள். ஆச்சரியக்குறிகளையும் முப்புள்ளிகளையும் அதேபோல் எண்ணுங்கள்.

மாதிரிக்கு ஒரு பத்தி. வந்தபோது இப்படி:

"திடீரென்று கும்மிருட்டில் ஒரு பயங்கரமான வெள்ளை உருவம் அவன் எதிரே தோன்றியது. அதைக் கண்டதும் முருகேசனின் இரத்தம் உறைந்துபோனது. பயத்தில் அலறினான்!!"

செப்பத்துக்குப் பின்:

"கிணற்றடியில் வாளி ஈரமாக இருந்தது. கயிறும் ஈரம். முருகேசன் பூட்டைத் தொட்டுப் பார்த்தான். மூன்று நாளைக்கு முன் அவன் பூட்டிவிட்டுப் போனபடியே இருந்தது. உள்ளே, சமையலறையில், யாரோ தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள்."

முதல் வடிவத்தில் உருவம் வந்துவிட்டது; இனி வாசகர் எதிர்பார்க்க எதுவும் இல்லை. இரண்டாவதில் இன்னும் எதுவும் வரவில்லை. ஈரம், பூட்டு, தம்ளர் மூன்றும் அன்றாடப் பொருள்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நிற்பதால்தான் பயம். தம்ளரைக் கவிழ்த்து வைப்பது ஒழுங்கான குடும்பப் பழக்கம். வந்திருப்பது வீட்டை அறிந்த ஒன்று என்பதை எழுத்தாளர் சொல்லாமலே வாசகர் புரிந்துகொள்கிறார்.

இந்த இரண்டாவது வடிவத்தைத் தொகுப்பாளர் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஓரத்தில் கேள்விதான் போட வேண்டும்: "முருகேசன் முதலில் கவனிப்பது எது? அந்த வீட்டில் வாழ்ந்தவனுக்கு மட்டும் தெரியக்கூடிய மாற்றம் எது?" எழுத்தாளர் தம் வீட்டையும் தம் ஊரையும் நினைத்து எழுதும் பதில், உங்கள் வாளியைவிட நன்றாக இருக்கும். எல்லாக் கதையையும் நீங்களே திருத்தி எழுதினால் 12 பேர் பெயரில் ஒரே ஆளின் நடை வந்துவிடும்.

இரண்டாம் சுற்றில் விதியைச் சரிபாருங்கள். கதையிலுள்ள ஆபத்தால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கதையில் அது இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் கதவைத் திறக்க முடியாத பேய் ஆறாம் பக்கத்தில் சுவரை ஊடுருவி வந்தால் வாசகர் பயப்பட மாட்டார். கைப்பேசியையும் மறக்காதீர்கள். இன்று நடக்கும் கதையில் நாயகன் ஏன் யாரையும் அழைக்கவில்லை என்பதற்குப் பதில் வேண்டும். "சிக்னல் இல்லை" என்ற பதிலை ஒரு தொகுப்பில் ஒரு கதைக்கு மட்டும் அனுமதியுங்கள்.

மூன்றாவது, முடிவு. கடைசி அரைப் பக்கத்தில் கோடாங்கியோ பாட்டியோ வந்து பின்கதையை விளக்கினால், அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பத்தில் ஏழு முறை கதை அதில்லாமலே நிற்கும். நிற்காவிட்டால், விளக்கத்தில் உள்ள ஒரே ஒரு தகவலைக் கதையின் முதல் பாதிக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

வட்டார வழக்கை வெட்டாதீர்கள். யாழ்ப்பாணத்துக் கதையில் கதிரை கதிரையாகவும் குசினி குசினியாகவும் இருக்கட்டும். ஈழத்திலிருந்து வரும் கதைகளில் இறை என்ற நான்காவது அச்சம் தமிழகக் கதைகளில் அரிதாகவே காணும் ஆழத்தோடு வரும். வாசலில் வெள்ளை வேன் நின்றது என்ற ஒரு வரிக்கு அங்கே உள்ள கனத்தை அடிக்குறிப்பால் கரைத்துவிடாதீர்கள்.

இசக்கி, முனியப்பன், கருப்பசாமி எல்லாம் இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வங்கள். அவர்களை வெறும் பேயாக்கிய கதையை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையான வீடு, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயரும் தெருவும் கதையில் வந்தால் மாற்றிவிடுங்கள். "பேய் வீடு" என்ற பெயர் ஒரு சொத்தை விற்க முடியாமல் செய்துவிடும், வழக்கும் வரும்.

வரிசை

12 துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு, பக்கம், யார் சொல்லும் கதை, இடம், காலம், நான்கில் எந்த அச்சம், முடிவு மூடியதா திறந்ததா என்று எழுதி, கடைசி வரியையும் எழுதுங்கள். தரையில் பரப்பி நகர்த்துங்கள். திரையில் பார்த்தால் இது பிடிபடாது.

முதல் இடத்துக்கு இரண்டாவது சிறந்த கதை. குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். கடைசி இடத்துக்கு மிகச் சிறந்தது. மிக நீண்ட கதை எட்டாவது இடத்தில். அதற்கு முன்னால் சிறிய கதை ஒன்று மூச்சு வாங்க இருக்கட்டும். சிரிப்பு கலந்த கதை இருந்தால் அதை மிகக் கொடூரமான கதைக்கு நேர் முன்னால் வையுங்கள். வாசகர் தளர்ந்திருக்கும்போது அடி பலமாக விழும். குழந்தை இறக்கும் கதைகள் இரண்டு இருந்தால் நடுவே குறைந்தது நான்கு கதை இடைவெளி வேண்டும். அணங்கு இரண்டுக்குமேல் அடுத்தடுத்து வரக் கூடாது.

பிறகு கடைசி வரிகளையும் அடுத்த கதையின் முதல் வரிகளையும் மட்டும் சேர்த்து உரக்க வாசியுங்கள். ஒரு கதை மழையில் முடிந்து அடுத்தது மழையில் தொடங்கினால், வாசகர் இரண்டையும் ஒரே கதையாகக் கலந்துவிடுவார். பழைய கதையை முதலில் வைக்கும் வழக்கம் உண்டு, மரியாதைக்காகச் செய்வது. அதை நடுவில், ஆறாவதாக வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள புதுக் கதைகளோடு அது பேசத் தொடங்கும்.

முன்னுரையில் கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். டாட்லோவின் தொகுப்புகளில் முகப்பில் அந்த ஆண்டின் திகில் எழுத்து பற்றிய நீண்ட கண்ணோட்டமும் பின்னால் குறிப்பிடத்தக்க கதைகளின் பட்டியலும் இருக்கும். தமிழில் அதையே நான்கு பக்கத்தில் செய்யலாம்: இந்த ஆண்டு எந்த இதழில் என்ன வந்தது, எது படிக்கத் தக்கது. பத்து ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் தேடி வருவது இந்த நான்கு பக்கத்துக்காகத்தான்.

பக்கமும் அச்சும்

டெம்மி அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம். 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு ஏழு சொல் என்றால் 210 சொல். 30,000 சொல்லுக்கு 143 பக்கம். ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் 7 பக்கம் கூடும். முகப்புப் பக்கங்கள், முன்னுரை, பட்டியல் சேர்த்து 10. ஆக 160, 16 பக்க ஃபாரம் சரியாகப் பத்து. 162 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்துக்காக ஒரு ஃபாரத்துக்குக் காசு கொடுக்க நேரும். ஆகவே முன்னுரையை வைத்து இழுத்துச் சரிக்கட்டுங்கள்.

பழைய எழுத்துருவில் வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் சில பிழைகள் கட்டாயம் இருக்கும். ஔகாரக் குறியின் இடத்தில் 'ள' வந்திருக்கும். கால் எழுத்தின் இடத்தில் 'ர' இருக்கும். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். இருபக்கமும் சமமாக நிரப்பும்போது தமிழின் நீண்ட சொற்களால் சொற்களுக்கிடையே வெள்ளை ஓடை விழும். சொல்லை உடைக்கலாம், ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யில் தொடங்கக் கூடாது.

திகில் தொகுப்புக்கு மட்டுமான ஒரு கவனம்: கதையின் திருப்ப வரி வலப்பக்கத்தின் அடியில் விழுந்து, அதன் விளைவு தாளைத் திருப்பினால் தெரியும்படி இருந்தால் நல்லது. திருப்ப வரி இடப்பக்கத்தில் விழுந்தால் எதிர்ப்பக்கத்தை வாசகரின் கண் முன்கூட்டியே மேய்ந்துவிடும். இரண்டு வரியைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்யலாம். வடிவமைப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லி, அந்த வரிகளை மஞ்சளில் குறித்துக் கொடுங்கள்.

அட்டையில் மண்டை ஓடும் இரத்தத் துளியும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே அமைப்பு, ஒரே எழுத்து, நிறமும் படமும் மட்டும் மாறினால் அலமாரியில் வரிசையாக நிற்கும். முதுகில் ஆண்டு பெரிதாகத் தெரியட்டும். முழுக் கறுப்பு அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டால் கைரேகை பதியும், ஓரம் வெளுக்கும். அச்சகத்தில் மாதிரி வாங்கித் தேய்த்துப் பாருங்கள். முதுகின் தடிமனைக் கணக்கில் நம்பாமல் அதே தாளில் 80 ஏடு வெற்று மாதிரி கட்டி அளந்துகொள்ளுங்கள்.

300 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல், 500 என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். தாள் 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண், ஆண்டுதோறும் புது எண். செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பணக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு பிரதியின் அச்சுச் செலவு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500க்கு 30,000. வடிவமைப்பு 8,000, அட்டை ஓவியம் 6,000. எழுத்தாளர்களுக்குத் தலா 1,000 என்று, பழைய கதைக்கான பங்கை அதைப் பாடம் பார்த்தவருக்குக் கொடுத்தால், 12,000. மொத்தம் 56,000. விலை 240 வைத்துக் கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு 156. 359 பிரதி விற்றால்தான் முதல் திரும்பும். புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் நேரடியாக விற்றால் 216. 260 பிரதி போதும். எழுத்தாளர் பிரதி, மதிப்புரைப் பிரதி என்று 45 வரை விற்பனையிலிருந்து போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ராயல்டியைப் பகிர்ந்து தருவதாகச் சொல்லாதீர்கள். 10 சதவீதத்தை 12 பேருக்குப் பிரித்தால், 500 பிரதியும் விற்றால்கூட ஆளுக்கு 1,000 ரூபாய்தான் வரும். அதற்கு இரண்டு ஆண்டு கணக்கு எழுத வேண்டியிருக்கும். அதே தொகையை வெளியீட்டு நாளில் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். மறுபதிப்பு வந்தால் இன்னொரு முறை கொடுங்கள். சன்மானம் இல்லாத தொகுப்புக்கு இரண்டாம் ஆண்டு நல்ல கதை வராது.

புத்தகம் வந்தபின்

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். எழுத்தாளர் பிரதிகள் கடைக்குப் போவதற்கு முன்பே அவர்கள் கையில் சேரட்டும்.

பிப்ரவரியில், வாசகர் பேச்சில் எந்தக் கதைகளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, சுவரில் இருக்கும் நான்கு கட்டத் தாளில் குறியுங்கள். யாருமே பேசாத கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அது தேர்வுச் சுற்றில் என்ன குறி பெற்றிருந்தது என்று பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்தத் தாளைக் கிழிக்காமல் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். ஏப்ரல் அறிவிப்பை எழுத உட்காரும்போது அது மேசைமேல் இருக்க வேண்டும்.